ராஜம்மா வீட்டில் டிவி பேசுகிறது, அண்ணி

என் சண்டைக்காரச் சம்பந்தி, செண்பகம் அண்ணிக்கு,

ஜெயித்துவிட்டோம்! நலமா, சுகமா என்றெல்லாம் கேட்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் முட்டிவலி கிடையாது, சர்க்கரை கிடையாது, நன்றாகத்தான் இருப்பீர்கள். முதலில் சேதியைக் கேளுங்கள். நம் பில்டிங்கில் எழுபத்தைந்து வயது தாண்டிய எல்லோர் வீட்டுக்கும் டிவி இலவசம். தமிழ்ச் சேனல்களோடு சேர்த்து! யாரும் மனுப் போட வேண்டாம், யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம்.

இலவசம் என்றதும் உங்கள் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. "ஓசியா மதினி?" என்று உதட்டைச் சுழிப்பீர்கள். சுழியுங்கள், சுழியுங்கள். இன்றைக்கு நான் பேசுகிற முறை. குறுக்கே பேச நீங்கள் இல்லை என்பது மட்டும்தான் எனக்கு இதில் பிடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்க மலரில் போடப்போகிறார்களாம். அதனால் நம்மைத் தெரியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் மகள் கவிதாவை உங்கள் மகனுக்குக் கொடுத்தோம். இரண்டு பேரின் வீட்டுக்காரர்களும் போன பிறகு, அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் பிள்ளைகள் வீட்டில் ஒரே அடுப்படியில் கொஞ்ச நாள் காலம் தள்ளினோம். ஈரோட்டுக்காரி ஒருத்தி, திருநெல்வேலிக்காரி ஒருத்தி, நடுவில் ஒரு குழம்புச் சட்டி. பிள்ளைகள் நடுங்கிப்போய் இந்த முதியோர் குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு முதல் மாடி, எனக்கு மூன்றாவது மாடி. அதற்குப் பிறகுதான் நாம் சிநேகிதிகளே ஆனோம், இல்லையா அண்ணி?

டிவி சண்டை ஆரம்பித்தபோது நீங்கள் இருந்தீர்கள். அதுவரை வாடகையோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த டிவி இணைப்பை, பில்டிங் கைமாறியதும் புது ஆட்கள் நிறுத்தினார்கள். வேண்டியவர்கள் தனியாகப் பணம் கட்டிக்கொள்ளலாம், முடியாதவர்கள் ஆபீசுக்கு வந்து முடியவில்லை என்று காட்டினால் இலவசம் என்றார்கள். நான் கொதித்தேன். நீங்களோ காபியை ஆற்றிக்கொண்டே அவர்கள் பக்கம் பேசினீர்கள்.

"சரியாத்தான சொல்லுதாவ. இல்லாதவங்களுக்கு மட்டும் குடுக்கட்டும். எம்மவன் சம்பாதிக்கான், எனக்கு எதுக்கு மதினி ஓசி?"

"இல்லாதவங்க யாருன்னு எப்படிங்க அண்ணி கண்டுபிடிப்பாங்க?"

"அவுக போயி கேக்கட்டும்."

"நம்மாளுங்க போய் கேப்பாங்களா?"

"கேக்காட்டி, வேண்டாம்னு அர்த்தம்."

அப்படியே எழுந்து போய் டம்ளரைக் கழுவ ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரில் கவர்மெண்ட் கலர் டிவி கொடுத்தபோது தெருவே வரிசையில் நின்றது, நீங்கள் மட்டும் போகவில்லை என்று எத்தனை தடவை பெருமையடித்திருப்பீர்கள்! நான் போய் வாங்கினேன் அண்ணி. டெலிபோன் ஆபீஸ் உத்தியோகக்காரி, தலை நிமிர்ந்து போய் வாங்கினேன். அப்படிப் போக எப்படி முடிந்தது தெரியுமா? தெருவில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஏழைகள் மட்டும் வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் பாதித் தெரு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். இதை அன்றைக்கே உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை, பாருங்கள். வாயடித்தே பென்ஷன் வாங்கியவளுக்கு உங்கள் முன்னால் மட்டும் வார்த்தை பிந்தித்தான் வரும்.

ஆனால் ஓசி பிடிக்காத நீங்கள் செய்த காரியம் என்ன? பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவுக்குத் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்து வைத்தீர்கள். எண்பது தாண்டியவர், கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. அவருக்கு டிவி பார்ப்பதற்கு இல்லை, கேட்பதற்கு. டெக்சாஸில் இருக்கும் மகன் வாடகை அனுப்புகிறான், அதற்கு மேல் அவனிடம் வாய் திறக்கமாட்டார். போன் வந்தால் "எல்லாம் இருக்குப்பா" என்பதோடு சரி. கால் வலி என்று அவர் வராத நாட்களில் நீங்கள் சுவர் அதிர டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பீர்கள். மேல் வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டால், இங்கிலீஷ் தெரியாதவர் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பீர்கள். கள்ளி!

"இது மட்டும் ஓசி இல்லீங்களா அண்ணி?" என்று ஒரு நாள் மடக்கினேன்.

"அவ எங்க என் டிவியப் பாக்கா? எனக்குத் துணைக்குல்லா வாரா," என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ராஜம்மா அக்காவை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்தவர், கதவு மூடுகிற சத்தத்துக்குப் பயந்து திரும்பிவிட்டார். சரி, நாமே போவோம் என்று ஒரு நாள் மத்தியானம் ரசம் எடுத்துக்கொண்டு போனால், நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, காதைச் சுவரில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். உங்கள் வீட்டுச் சுவர்.

"என்னக்கா பண்றீங்க?"

"யாராச்சும் குடி வந்துட்டாங்களான்னு பாத்தேன் சரோஜா. தமிழ்ச் சத்தமே காதுல விழல. நானே பேசி நானே கேட்டுக்கறேன்."

ரசத்தை அங்கேயே வைத்துவிட்டு, நேரே கீழே ஆபீசுக்குப் போனேன்.

அங்கே மேனேஜர் டயான் இருந்தாள். நல்ல பெண், குறை சொல்லக்கூடாது. என்னை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினாள். முடியாதவர்கள் வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தாளாம், ஒருவரும் வரவில்லையாம். சரி, கூச்சப்படுகிறார்கள் போல என்று அவளே ஒவ்வொரு வீடாகப் போய், "இலவசமா டிவி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டாளாம். எல்லோரும் சிரித்த முகமாக, "நோ நோ, தேங்க் யூ, வீ ஆர் ஃபைன்" என்றார்களாம். ஆகவே இங்கே யாருக்கும் டிவி தேவையில்லை, திட்டத்தையே எடுத்துவிடப் போகிறோம் என்றாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பின்னே என்ன சொல்வார்கள்? நம் ஆட்களிடம் ஒரு தடவை கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்வோம்! ஒரு வீட்டுக்குப் போகிறோம், காபி சாப்பிடுகிறீர்களா என்கிறார்கள். இப்பத்தான் குடிச்சேன் என்கிறோம். அரை டம்ளர் என்கிறார்கள். ஐயோ, எதுக்குச் சிரமம் என்கிறோம். அட, சும்மா குடிங்க என்று கையில் திணித்தால் வாங்கிக் குடித்துவிட்டு, டிகாக்‌ஷன் பிரமாதம் என்கிறோம். முதல் கேள்விக்கே சரி என்று சொன்னால் நம் அம்மா முதுகில் போட்டிருக்கமாட்டாளா? இந்த டயானோ முதல் 'வேண்டாம்' காதில் விழுந்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"டயான், திட்டத்தை எடுத்துடாதே. ஒரு மீட்டிங் போடு. நான் பேசணும்," என்றேன்.

போட்டாள் அண்ணி! கீழே பெரிய ஹாலில், சனிக்கிழமை மத்தியானம். நம் ஆட்கள், குஜராத்தி ஆட்கள், இரண்டு சீனத் தாத்தாக்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் டை கட்டிய ஒருவரும் வந்திருந்தார். நம் பேத்தி யாழினி என் பக்கத்தில். நான் உங்கள் மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கேட்காமல் எடுத்ததற்கு மன்னிக்கவும், கவிதா கொடுத்தாள்.

நான் எழுந்து, "நீங்க கேட்ட விதம்தான் தப்பு. இவங்ககிட்ட ஒரு தடவை கேட்டா போதாது. இப்பவே கேட்டுப் பாருங்க," என்று சொல்லி ராஜம்மா அக்காவைக் கைகாட்டினேன். டயான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, டிவி வேண்டுமா என்று கேட்டாள்.

"நோ நோ, ஐ ஆம் ஃபைன்," என்றார் அக்கா.

ஹாலில் சிரிப்பு. "இன்னொரு வாட்டி கேளு," என்றேன்.

"ஒய் ட்ரபிள் ஃபார் யூ?"

"விடாதே, கேளு!"

டயான் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்ளீஸ், ஃபார் மீ," என்றாள். அக்கா என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பித் தமிழில் சொன்னார்.

"அந்தப் பொண்ணு இவ்ளோ கெஞ்சுதே. சரி, போடச் சொல்லு சரோஜா. சத்தம் கம்மியா வச்சிக்கறேன்."

யாழினி அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் குஜராத்தி பாட்டிகள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "ஹமாரே யஹான் பி சேம், சேம்!" எங்கள் ஆட்களும் இதே கதைதான் என்று ஒரே கூச்சல். ஒரு சீனத் தாத்தா எழுந்து நின்றே கைதட்டினார்.

டை கட்டியவர் விடவில்லை. கேட்ட கேள்வி அப்படியே உங்கள் கேள்வி அண்ணி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே பல பேருடைய பிள்ளைகள் பெரிய என்ஜினியர்கள் ஆயிற்றே, அவர்களுக்கும் எதற்கு இலவசம் என்றார். இந்தத் தடவை வார்த்தை பிந்தவில்லை.

"பிள்ளை என்ஜினியர்தாங்க. ஆனா பிள்ளைகிட்ட போய் நிக்கறதும் நிக்கறதுதான். இவங்க உங்ககிட்டயும் கேக்கமாட்டாங்க, அவன்கிட்டயும் கேக்கமாட்டாங்க. இல்லாதவங்களை மட்டும் பொறுக்கி எடுக்கணும்னா அவங்க வாயால இல்லைன்னு சொல்லணும். அதைச் சொல்றதுக்கு இருட்டிலேயே உக்காந்துக்கலாம்னு இருக்காங்க. வயசானவங்க எல்லாருக்கும் குடுத்துடுங்க. இருக்கறவங்க நாலு பேருக்கும் போகும், போகட்டுமே!"

அவரும் டயானும் மூலையில் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். யாழினி என் விரலைப் பிடித்து நசுக்கிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்து, எழுபத்தைந்துக்கு மேல் எல்லோருக்கும், கேட்காமலே, முதலில் ஒரு வருஷத்துக்கு என்றார். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் நான் மறுபடியும் பட்டைக் கட்டிக்கொள்கிறேன்! "பாட்டி, யூ வேர் ஆன் ஃபயர்!" என்று யாழினி என்னைத் தூக்கியே விட்டாள். இதில் கூத்து என்னவென்றால் எனக்கு இன்னும் எழுபத்தைந்து ஆகவில்லை. நான் பணம் கட்டித்தான் பார்க்கிறேன். அதனால் ஓசிக்கு அலைகிறாள் என்று நீங்கள் என்னைச் சொல்ல முடியாது.

நேற்று ராஜம்மா அக்கா வீட்டில் இணைப்புக் கொடுத்தார்கள். சத்தம் கம்மியா வச்சிக்கறேன் என்றவர், மூன்றாவது மாடிக்குக் கேட்கிற மாதிரி வைத்தார். மேல் வீட்டுக்காரர் அதற்குள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயாகிவிட்டது. அக்கா இங்கிலீஷ் தெரியாதவர் மாதிரி சிரித்தாராம். யார் சொல்லிக் கொடுத்தது?

சாயங்காலம் நம் சீரியல் நேரத்துக்கு முறுக்கு டப்பாவோடு இறங்கினேன். வழியில் உங்கள் கதவு. உள்ளே வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் யாரும் வரவில்லை. கால் தானாக நின்றுவிட்டது. நான் கூப்பிட்டால் நீங்கள் எப்போதும் "நீங்க பாருங்க மதினி" என்பீர்கள். மறுபடி கூப்பிட்டால் அடுப்பில் வேலை கிடக்கு என்பீர்கள். அதற்கும் மேலே கூப்பிட்டால்தான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ எனக்காக வருகிற மாதிரி வருவீர்கள்.

"அண்ணி, வாங்க, டிவி பாக்கலாம்," என்றேன். பெயிண்ட் அடிக்கிற ஆள் திரும்பிப் பார்த்தான். "வாங்கண்ணி, ஆரம்பிச்சிடப் போறான்," என்றேன். பிறகு இன்னொரு தரமும் கூப்பிட்டேன். அதற்கும் நீங்கள் வரவில்லை. அந்த இடத்தில்தான் அண்ணி எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளில் அப்போதுதான் வந்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. "யாரு, சரோஜாவா? ஏன் வெளியவே நிக்கற, உள்ள வா," என்றார் ராஜம்மா அக்கா. "இல்லக்கா, நீங்க பாருங்க," என்று என் வாய் தானாகச் சொன்னது. அவர் விடவில்லை. கையைத் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் உட்காரவைத்தார்.

கேட்காவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம் என்றீர்களே அண்ணி, அது ஒன்றில் மட்டும் நீங்கள் தோற்றீர்கள். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பில்டிங்கில் யார் 'வேண்டாம்' என்றாலும் அதை நம்பி வாசலோடு திரும்பமாட்டேன். உங்கள் வீட்டுக்கு யார் குடிவந்தாலும் சரி, அவர்களையும் சாயங்காலம் கூப்பிடுவேன். வருகிற வரைக்கும் கூப்பிடுவேன்.

வாய் ஓயாத உங்கள் மதினி,
கவிதாவின் அம்மா,
சரோஜா