சுவரைப் பார்த்த கொலு

அத்தை, உன் தகரப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை ஏறி வரிசையாகத் தும்மினேன். உள்ளே உன் கொலு பொம்மைகள், கிழிந்த வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்தன. ஆழ்வார்பேட்டையில் உன் நினைவாகக் கண்காட்சி வைக்கிறார்கள். அடுக்குகிற வேலை எனக்கு.

உன் முதல் கண்காட்சியில், யார் மேலும் படக்கூடாத மடிப் புடவையை வாசலில் தொங்கவிட்டு, வருகிறவர்கள் எல்லாரும் அதை உரசிக்கொண்டே உள்ளே போகும்படி செய்தாய். அன்றோடு அப்பா உன்னிடம் பேசுவதை நிறுத்தினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் தூது போனவன் நான். இரண்டு பக்கமும் கொஞ்சம் காரம் சேர்த்துத்தான் சொன்னேன்.

அடுத்தது கொலு. ஒன்பது படி, அத்தனை பொம்மையும் சுவரைப் பார்த்து. கண்காட்சி என்று கூப்பிட்டு முதுகுக்காட்சி வைத்தாய். திறப்பதற்கு முன் நீ காபி குடிக்கப் போன நேரத்தில், செட்டியார் பொம்மையை மட்டும் நம் பக்கம் திருப்பி வைத்தேன். கடைக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சுவரா அரிசி வாங்கும்? மயிலாப்பூர் மாமிகள் வந்து பாட்டுப் பாடிவிட்டு, சுண்டல் எங்கே என்று கேட்டார்கள்.

பத்திரிகைக்காரர் அந்தச் செட்டியாரைத்தான் புகழ்ந்து தள்ளினார். உலகமே முதுகு காட்டும்போது நம் முகத்தைப் பார்ப்பது வியாபாரம் ஒன்றுதான் என்று எழுதினார். பிறகு பம்பாய், தில்லி என்று கூப்பிட்டார்கள். போன ஊரிலெல்லாம் நீயே அவரைத் திருப்பி வைத்தாய். நான் உண்மையைச் சொல்ல வந்தபோது, "தெரியும்டா வாலு. அவர் திரும்பினதுலேர்ந்து மத்த பொம்மைகளை யாருமே பாக்கறதில்லை" என்றாய். திட்டினாயா, சிரித்தாயா? உன் முகம் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது.

உனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தேனா, உன் கொலுவைக் கெடுத்தேனா? நீ ஜுரத்தில் போன நாளிலிருந்து இதே குழப்பம். கண்காட்சிக்காரர்கள் பழைய போட்டோவைக் கொடுத்து, அச்சு அசலாக இப்படியே வேண்டும் என்றார்கள். இன்று காலை செட்டியாரையும் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். இதுவும் விஷமம்தானோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

அப்போது அப்பா வந்தார். உன் கண்காட்சி எதற்கும் வராதவர். செருப்பைக் கழற்றிவிட்டு, படிகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு படியாகப் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கறா?" என்றார்.

நாளை போட்டோவோடு வந்து நிற்பவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் கேட்டதையே சுமந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை.