பட்டையில்லாத கொக்கி

இராயபுரம்,
04.01.2026

மதிப்பிற்குரிய திரு. நோயல் அவர்களுக்கு,

இயேசுவுக்குப் புகழ். தாங்களும் தங்கள் அண்ணன் வீட்டாரும் நலமுடன் இருக்க மன்றாடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று வண்டிக்குள் வைத்துத் தாங்கள் கேட்ட கேள்விக்கு, இரண்டு ஞாயிறு கடந்த பின் பதில் எழுதுகிறேன். இத்தாமதத்தைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும். பண்டிகைக்கால வேலை ஒரு காரணம். எழுதி எழுதிக் கிழித்தது மற்றொரு காரணம்.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று எங்கள் இருக்கை உறைக் கடை முதலாளி அத்தாவுல்லா பாய் சிரிக்கிறார். என்னை மணக்கச் சம்மதமா என்று ஒருவர் கேட்டதற்கு விடையை அனுப்பிவிட்டு, படித்ததற்கான நீலக் குறி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள்தான். ஆயினும் பங்கு நூலகத்தில் நான் படிக்காத அலமாரி இல்லை. என் வாழ்வின் பெரிய விடையை எழுத்தில் தரும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

எனக்குச் சம்மதம்.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் சென்ற செவ்வாயன்று தங்கள் வாடகைக் காருக்குப் புதிய இருக்கை உறை மாட்டியவள் நான்தான் அல்லவா? ஓட்டுநர் இருக்கையின் அருகே, இருக்கைப் பட்டையின் கொக்கி செருகும் இடத்தில் ஒரு கொக்கி இருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அதில் பட்டையே இல்லை. பட்டை அணிந்ததாக வண்டியை நம்பவைத்து, அதன் எச்சரிக்கை மணியை அடக்குவதற்கென்றே விற்கும் போலிக் கொக்கி என்று பாய் விளக்கினார். அப்போதுதான் நினைவுபடுத்திப் பார்த்தேன். தங்கள் வண்டியில் இத்தனை முறை வந்திருக்கிறேன், பட்டை உங்கள் மார்பின் குறுக்கே ஓடி நான் கண்டதே இல்லை.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனை. வண்டியோட்டும் பொழுதெல்லாம் தாங்கள் இருக்கைப் பட்டை அணிய வேண்டும். சட்டம் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.

பிப்ரவரி பதினெட்டில், திருமணங்கள் நடத்தாத தவக்காலம் தொடங்குகிறது. அதற்குள் திருமணம் நடக்க வேண்டுமானால், இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி ஞாயிறன்று கோவிலில் நம் திருமண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்பட வேண்டும் என்று பங்குத் தந்தை கூறுகிறார். தங்கள் ஒப்புதல் கிடைத்ததும் பெயர் கொடுக்கிறேன்.

மரியாதையுடன்,
ம. ஹில்டா


திருவொற்றியூர்
8-1-26

ஹில்டா டீச்சரம்மாவுக்கு நோயல் எழுதிக்கிறது.

நீங்க டீச்சர் இல்ல, தெரியும். ஆனா உங்க லெட்டர படிச்சா கைய கட்டிகினு எந்திரிச்சு நிக்கணும் போல கீது. எனக்கு உங்கள மாதிரி எழுத வராது. பேசுறாப்புலதான் எழுதுவேன், கோச்சுக்காதீங்க.

"சம்மதம்"ன்ற எடத்தயே பத்து வாட்டி படிச்சேன். அண்ணி வந்து, இன்னா நோயலு, லாட்டரி வுழுந்துச்சான்னு கேட்டாங்க. அத்தவிட பெருசு அண்ணின்னேன். அப்பால கீழ படிச்சேன். மூஞ்சி சுண்டிப் போச்சு.

அந்தக் கொக்கிய பாரிஸ் பக்கம் பிளாட்பாரத்துல வாங்குனேன். ஒளிக்கல. நம்ம ஸ்டாண்டுல முக்கால்வாசி வண்டில அது கீது. ஹில்டா, நான் கேக்குறேன், நான் குடிச்சுட்டு ஓட்டுறேனா? சிக்னல் தாண்டுறேனா? அடுத்தவனுக்கு ஆபத்துன்னா சட்டம் போடு, சலாம் போட்டு கேட்டுக்குறேன். என் நெஞ்சு, என் உசுரு, அதுல கவர்மெண்டுக்கு இன்னா வந்துச்சு? எண்ணூர் பஸ்ல படிக்கட்டுல கொத்தா தொங்கிகினு போறான், அவனுக்கு பெல்ட்டு கீதா? ஷேர் ஆட்டோல டிரைவர் மடி மேலயே ஒருத்தன் குந்திகினு போறான், அவன கேக்க நாதியில்ல. கார் வச்சிருக்கவன் மட்டும் கட்டிகினு ஒக்காரணுமா?

இன்னொன்னு. வந்த மாப்பிள்ளங்கள எல்லாம், "என்னை யாரும் அதிகாரம் பண்ணக்கூடாது"ன்னு திருப்பி அனுப்புனவங்க நீங்க. நீங்களே சொல்லி சிரிச்சீங்க. அந்தத் திமிருதான் எனக்குப் புடிச்சுது. உங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒன்னா?

வேற எது வேணா கேளுங்க. பீடி வுட்டுட்றேன். ஞாயித்துக்கெழம வண்டி எடுக்கல. மீசய எடுன்னா எடுக்குறேன். இது மட்டும் வேணாம். என் சுதந்திரம்னு வச்சிக்கோங்க.

அன்புடன்
நோயல்


இராயபுரம்,
11.01.2026

அன்பிற்குரிய திரு. நோயல் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை பாய் உறையோடு கொண்டுவந்து என் தையல் இயந்திரத்தின் மேல் வைத்து, "என்னய தபால்காரன் ஆக்கிட்டீங்களேம்மா" என்றார். தங்கள் மீசையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்.

தங்கள் வாதம் வலுவானது. அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். எங்கள் கடையில் பின்னிருக்கைக்கு உறை தைக்கும்போது, கொக்கிகளை உள்ளே தள்ளி மேலே மூடித் தைத்துவிடுவதே வழக்கம். "குத்துதும்மா, மூடிடு" என்பார்கள். நான் மட்டும் கொக்கி வெளியே வரத் துளை விட்டுத் தைப்பேன். சென்ற மாதம் மணலியிலிருந்து வந்த ஒருவர் கோபித்துக்கொண்டார்.

"எங்காரு, எஞ்சீட்டு. ஓட்டை போட நீ யாரு?" என்றார்.

"பின்னால் அமர்பவருக்காக ஐயா" என்றேன்.

"பின்னாடி என் மாமியாதான் ஒக்காரும். நீ மூடு" என்றார்.

மூடித் தைத்துக் கொடுத்தேன். வண்டி அவருடையது, மாமியாரும் அவருடையவர். அவர் முடிவில் தலையிட எனக்கு உரிமையில்லை என்பதை அன்று ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவர் யாரோ ஒருவர். நீங்கள் எனக்கு யாரோ அல்லவே.

நான் திருப்பி அனுப்பிய மாப்பிள்ளைகளைச் சுட்டினீர்கள். ஒருவர் நான் வேலையை விட வேண்டும் என்றார். இன்னொருவர் புத்தகம் படிக்கும் பெண் வீட்டுக்கு ஆகாது என்றார். அவர்கள் கேட்டவை என்னைக் குறைப்பவை. நான் கேட்பதில் உங்களிடமிருந்து எது குறையும்? என்னைத் தனியே விட்டுப் போகும் சுதந்திரம் உங்களுக்கு உண்டென்றால், அப்படிப்பட்டவரை மணக்காதிருக்கும் சுதந்திரம் எனக்கும் உண்டு. நாற்பத்தோரு வயது வரை தனியே வாழப் பழகியவள் நான். ஒருவரோடு வாழப் பழகிய பின் மீண்டும் தனியாவதற்கு எனக்குத் துணிவில்லை. இதைச் சொல்ல வெட்கப்படுகிறேன், ஆயினும் சொல்லிவிட்டேன்.

பங்குத் தந்தையிடம் இன்று பெயர் கொடுக்கவில்லை. "இன்னும் யோசனையா ஹில்டா?" என்று கேட்டார். "மணமகன் யோசிக்கிறார் சுவாமி" என்றேன்.

நிபந்தனை நிற்கிறது. பொங்கலுக்கு அண்ணன் வீட்டில் கரும்பை அளவோடு உண்ணுங்கள். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று சொன்னீர்கள்.

அன்புடன்,
ஹில்டா


திருவொற்றியூர்
16-1-26

ஹில்டாவுக்கு,

டீச்சரம்மான்னு எழுத மனசு வரல இன்னிக்கு.

உங்க லெட்டர படிச்சுட்டு, சர்தான், ஒரு துணிப் பட்டைக்காக இவங்கள வுடுறதான்னு தோணிச்சு. கொக்கிய புடுங்கி சாக்கடைல போட்டேன். வண்டி கீக் கீக்னு கத்துச்சு. உங்கள மாதிரியே, சொன்னத செய்யுற வரைக்கும் வுடாது போல. பெல்ட்ட போட்டுகினு நேத்து கெளம்பினேன். தேரடி வரைக்கும் ஒன்னியும் இல்ல. சவாரிக்காரன் அவசரம்னு எக்ஸ்பிரஸ் ரோட்டுல வுடச் சொன்னான். கல்லுங்க தாண்டி கடல் தெரிஞ்சுது. அவ்ளோதான். மூச்சு வரல. கை தன்னால போயி பெல்ட்ட அவுத்துடுச்சு. வண்டிய ஓரங்கட்டிட்டேன். இன்னா அண்ணே, நெஞ்சு வலியான்னு அவன் பயந்துட்டான்.

சுதந்திரம்னு எழுதுனேன் இல்ல? அது சொம்மா. ஸ்டாண்டுல பேசிப் பேசிப் பழகுன வார்த்த. அசல் வேற.

வாடக வண்டிக்கு முன்ன நான் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுனது தெரியும். எந்த ஹார்பர்னு வேணாம். கப்பலாண்ட வரிசைல நிப்போம். எம் முன்னாடி வண்டி அஜினோடது. நம்ம தோஸ்து. டீ வாங்கிக் குடுத்துட்டு, "மாமு, இந்த டிரிப்பு முடிச்சுட்டு நாஸ்டா துன்லாம்"னான். கேட்டுல பெல்ட்டு செக் பண்ணுவாங்க, அதனால ஒழுங்கா போட்டிருந்தான். மழ ஈரம். ரிவர்ஸ் எடுக்க சொல்லோ பின்வீலு வழுக்கி, வண்டி அப்டியே பின்னால சாஞ்சு தண்ணில எறங்கிச்சு. வேகமா கூட இல்ல. மெதுவா. கண்ணாடி வழியா என்னப் பாத்தான். அவன் கை இடுப்பாண்ட தேடிகினே இருந்துச்சு.

வெளிய எடுத்தப்போ பெல்ட்டு அப்டியே கீது.

அங்க பழைய ஆளுங்க தண்ணி ஓரம் வந்தா பெல்ட்ட அவுத்துட்டு, கதவ லேசா தொறந்து வச்சிகினுதான் ஓட்டுவாங்க. குதிக்க. நான்தான் அவனுக்கு அத்த சொல்லித் தரணும்னு இல்ல, அவனுக்கே தெரியும். அன்னிக்கு மறந்துட்டான். மாசம் முடியறதுக்குள்ள வேலைய வுட்டேன்.

சட்டம் சரிதான். நீங்களும் சரி. ரோட்டுல பெல்ட்டு உசுரக் காப்பாத்துது, நானே பாத்திருக்கேன். எனக்கு வரல, அவ்ளோதான். உங்கள வெயிட் பண்ண வெக்கிறது நாயமில்ல. சாமியார்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. பேஜாரு என்னோடது, உங்களுக்கு எதுக்கு.

பல்லு வலி இல்ல. கரும்பு துன்னல.

நோயல்


இராயபுரம்,
19.01.2026

என் அன்பு நோயல்,

நேற்று ஞாயிறு பூசையில் உங்கள் தோழர் அஜினின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடும்படி பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொண்டேன். அவர் பெயரைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள். உங்களிடம் கேட்காமல் செய்தேன்.

ஒருமுறை, ஓரிடத்தில், ஒரு பட்டை ஓர் உயிரை விடாமல் பிடித்துக்கொண்டது என்பது உண்மை. அதன் எதிரில் சட்டப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்ட மாட்டேன். சட்டத்தை எழுதியவர்களுக்கு அஜினைத் தெரியாது. எனக்கும் முந்தாநாள் வரை தெரியாது.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. கடை அடைத்ததும் என்னை வீட்டில் விட வரும்போதெல்லாம், கடலோர விரைவுச் சாலை காலியாகக் கிடக்க, நெரிசலான திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகவே நீங்கள் வண்டியை ஓட்டினீர்கள். என்னோடு சற்றுக் கூடுதலாகப் பேசிக்கொண்டிருக்கத்தான் இந்த மனிதர் சுற்று வழியில் போகிறார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கடலுக்கு அஞ்சித்தான் என்று தெரிந்தபோது முதலில் வந்தது அழுகை. அடுத்து வந்தது கொஞ்சம் ஏமாற்றம். இரண்டுமே காரணமாக இருந்திருக்கலாம் என்று நீங்கள் எழுதினால் மகிழ்வேன்.

என் நிபந்தனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சம்மதம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்று காலை கடைக்கு வந்த ஒரு காரில், உங்கள் வண்டியைப் போன்றதுதான், பாயை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொல்லிப் பட்டையை மாட்டினேன். அவருக்கு இடப்புறம் நான் அமர்ந்தேன். பட்டையை விடுவிக்கும் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட்டுபவரின் இடது இடுப்போரம். அதாவது என் வலது கைக்கு எட்டும் இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். முதலில் பாயின் சட்டைப் பையில் கை போய்விட்டது.

"இன்னாம்மா, கேஷ் எடுக்கறியா?" என்றார்.

"அசையாமல் இருங்கள் பாய்" என்றேன்.

"கல்யாணம் அவனோட, கட்டிப் போடறது என்னயா?" என்று கத்தினார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் விடவில்லை. உறையின் ஓரத் தையல் பொத்தானை மறைப்பது அப்போதுதான் தெரிந்தது. பிரித்து, விளிம்பை மடித்துத் தைத்தேன். மறுபடி கண்ணை மூடினேன், அழுத்தினேன், பட்டை விட்டது. மாட்டினேன், அழுத்தினேன், விட்டது. கை தானாகப் போகும் வரை செய்தேன். பாய் தொழுகைக்கு நேரமாகிறது என்று கெஞ்சிய பிறகே விட்டேன்.

நான் உடன் வரும்போது பட்டையை அணியுங்கள். என் கை அந்தப் பொத்தானின் மேலேயே இருக்கும். கடல் தெரிந்து மூச்சு முட்டினால் "ஹில்டா" என்று ஒரு சொல் போதும், விடுவித்துவிடுவேன். வண்டி ஓடும்போது அஞ்சுவதை விட நின்றிருக்கும்போது அஞ்சிப் பழகுவது நல்லது. ஆகையால் முதல் நாள் காசிமேடு பக்கம் வண்டியை நிறுத்திவைத்து, கடலைப் பார்த்தபடி அமர்ந்திருப்போம். சுண்டல் நான் வாங்குகிறேன்.

நான் இல்லாத பயணங்களில் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்தபடி காத்திருப்பேன், திரும்பியதும் எதையும் கேட்க மாட்டேன். கேட்காமலிருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். அதிகாரத்தை விரும்பாத ஒருத்தி அதிகாரம் செய்யாமலிருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

பேஜாரு என்னோடது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நான் எழுதுவது இதுவே முதல் முறை. திருமணத்திற்குப் பின் அது நம் இருவருக்கும் பொது.

ஓலைக்குப் பெயர் கொடுக்கச் சனிக்கிழமை மாலைதான் கடைசி. பாய் இன்று கடை அடைத்ததும் இக்கடிதத்தை உங்கள் ஸ்டாண்டில் சேர்ப்பார். தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.

உங்கள்
ஹில்டா