அரிசியில் போட்ட நாலு சட்டை

கோலம் போட்ட அன்னிக்குக் கோயில் மண்டபத்துல இருந்தது கியா பார்ம் சந்தையில ஸ்ட்ராபெரி விக்கிற பாக்கியம், லெம்பா பெர்த்தாம் ஊரு லட்சுமி, நான், நீ. வேற ஒருத்தரும் இல்ல. கதவை நீதான் சாத்தின.

இன்னிக்குக் காலையில என் பேத்தி தீபாவளிக் கோலத்துக்கு அரிசியில சாயம் ஏத்திக்கிட்டு இருந்தா. ஈர அரிசி வாசம் அடுப்படிக்கு வந்துச்சு. கையில இருந்த தேத்தண்ணிய வச்சிட்டு உக்காந்துட்டேன். நீ இல்லாத ரெண்டாவது தீபாவளி, தங்கச்சி.

நீ திரிங்காப் பூத்தோட்டத்துல வேலை செஞ்சவ. ஒரு பூசைக்குக் கோயில்ல ரெண்டு பேரும் காய் நறுக்கிக்கிட்டு இருந்தப்ப, சின்ன வயசுல உன் மாமா உன்னைக் கெடுத்ததைத் தலை நிமிராமச் சொன்ன. நானும் கத்திய வைக்காமச் சொன்னேன். எஸ்டேட்டுல ஆள் கணக்கு எழுதுற கிராணி வீட்டுக்குச் சின்னப் புள்ளையில சட்டி பானை கழுவப் போன எனக்கு அவன் செஞ்சதை. கிழவியான பிறகு, முதல் தடவையா. பாக்கியத்தையும் லட்சுமியையும் பிறகு நீதான் கண்டுபிடிச்ச. எப்படிடின்னு கேட்டேன். "கதவைப் பாத்தே உக்கார்றாங்க அக்கா, உங்கள மாதிரி"ன்ன.

அந்த வருசத் தீபாவளிக்கு மண்டபத்துக் கோலத்தை நீயாத்தான் கேட்டு வாங்கின. நாங்க மயில் போடலாம், விளக்குப் போடலாம்னோம். நீ சாக்கட்டியால தரையில நாலு பொம்பளப் புள்ளைங்கள வரைஞ்ச, கை கோத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. அந்த வயசுல நாம போட்டிருந்த சட்டை என்ன நிறம்னு அவங்கவங்க சொல்லணும். ஆனா சொன்னவ அதுக்கு அரிசி போடக்கூடாது, இன்னொருத்திதான் போடணும். அது உன் சட்டம்.

வெளிய பனி. சாயம் ஏத்தின அரிசி காயவே மாட்டேங்குது. பாக்கியம் அவசரப்பட்டு அதைக் குவாலிச் சட்டியில போட்டு வறுத்தா. பாதி கருகிப் போச்சு. "இது கோலத்துக்கா ரசத்துக்கா லா?"ன்னு நான் கேட்டதும் வாயே திறக்காத லட்சுமி சிரிச்சா. சிரிச்சுச் சிரிச்சு அழுகையில போய் நின்னா. நீ அவ முதுகைத் தடவல. ஒரு பிடி மஞ்ச அரிசிய அவ கையில கொடுத்து, பாக்கியம் அக்கா சட்டையில்லாம நிக்கிறாங்கன்ன. அவ அழுதுகிட்டே போட்டா. போட்டுக்கிட்டே அவளைக் கெடுத்தவன் பேரைச் சொன்னா. பாக்கியம் சொன்னா, நீ சொன்ன. நானும் கிராணி பேரைச் சொன்னேன்.

என் சட்டை நீலம். நீதான் மண்டி போட்டுக் காலர் வச்சு, பாக்கெட்டு வச்சுப் போட்ட. நிமிராமக் கேட்ட.

"அக்கா, இன்னொரு பேரு இருக்குல்ல?"

வேலையப் பாருன்னேன்.

"சரி லா. நான் எங்க போயிடப் போறேன்."

மறுநாள் ஊரே வந்து பாத்துச்சு. கோயில் தலைவர், யாரும்மா இந்தப் புள்ளைங்கன்னு கேட்டாரு. இந்த ஊருப் புள்ளைங்கதான், நல்லாப் பாத்துக்குங்கன்னா பாக்கியம். அவரு சிரிச்சுட்டுப் போனாரு. நாம சிரிக்கல.

பிறகு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ திரும்பக் கேக்கல. என் முகத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்த. அந்தப் பேரு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. நர்ஸ் உள்ள வந்துட்டா. அதுக்கப்புறம் உனக்கு நினைவு தப்பிப் போச்சு.

இந்த வருசமும் அதே கோலம் போடுறோம். கோலத்துல நிக்கிற உன் புள்ளைக்கு யாரு சட்டை போடுறதுன்னு லட்சுமிக்கும் பாக்கியத்துக்கும் சண்டை. எல்லாம் இருக்கு. என் பக்கத்துல மண்டி போட்டு, நிமிராமக் கேக்கத்தான் ஆளில்ல. அதனால நீ கேக்காமலே சொல்றேன், கேட்டுக்க.

கிராணி செத்தப்பக் காறித் துப்பிட்டு வந்துட்டேன். மன்னிக்கிறதுக்கு அவன் எனக்கு யாரு? அவன் என்னைத் தொட்ட முதல் நாளே அழுதுகிட்டு ஓடிவந்து ஒருத்திகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ என் முகத்தைக் கழுவிவிட்டா. தலை வாரிவிட்டா. மறுநாள் விடிஞ்சதும் கையப் புடிச்சுக் கூட்டிப்போய் அதே வீட்டு வாசல்ல விட்டுட்டுக் கொழுந்து எடுக்கப் போயிட்டா. கிராணி வேலையில இருந்து தன் பேரை வெட்டிடுவான்னு அவளுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குப் புரியுது. ஆனா அவ கைச்சூடு இன்னும் என் கையில இருக்கு, தங்கச்சி. எதைப் போட்டுக் கழுவினாலும் போகல.

அவ பேரு முத்தம்மா. என்னைப் பெத்தவ. அவளை நான் மன்னிக்கல.