கோமதி அண்ணியின் தாடை

சிரித்தால் கன்னம் ஏறிக் கண்ணை மூடிவிடும் என் கோமதி அண்ணிக்கு,

உங்கள் படத்தை மாட்டிவிட்டோம். ஹாலில், டிவிக்கு மேலே. அந்த இடம் வேண்டாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. இனி சீரியல் பார்க்கிறவர்கள் எல்லோரும் உங்களையும் பார்த்தாக வேண்டும்.

அந்தப் படம் வந்த கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த வீட்டுச் சண்டைகளை உங்களிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை சண்டையே உங்களைப் பற்றி. வேறு யாரிடம் சொல்வேன்?

நீங்கள் போன அன்று பெரியம்மா என் காதருகே வந்து சொன்னார்: "ஒடம்பக் கொஞ்சம் கொறச்சிருந்தா இன்னும் இருந்திருப்பா." லாரி இடித்து இறந்தவரைப் பற்றி. எனக்கு அழுகை நின்றுவிட்டது. நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். "லாரிக்காரன் என் வெயிட்டப் பாத்தா இடிச்சான், அத்தை?"

உங்கள் உடம்பு இந்த வீட்டில் பொதுவில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம். அண்ணன் தினமும் சொன்னான். வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல, கோபமே இல்லாமல். ஜாக்கெட்டுக்குக் கை நீளமாக வைக்கச் சொல்வான். போட்டோ எடுத்தால் சாய்ந்து நிற்கச் சொல்வான். இன்னொரு தோசை வைத்தால் உங்கள் தட்டைப் பார்ப்பான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் பதில் சொல்வது சுலபம்.

திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். நீங்கள் பச்சைப் பட்டு, குட்டைக் கை வைத்த ஜாக்கெட். படியேறும்போது அண்ணன் சொன்னான்: "பக்கத்துல நடக்காத கோமதி. நான் உன் தம்பி மாதிரி தெரியறேன்." கூட வந்த மச்சான்கள் சிரித்தார்கள்.

நீங்கள் நின்றீர்கள். குரலை உயர்த்தவில்லை. குறைக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்து கிரவுண்டில் பி.டி. டீச்சராகப் பேசும் அதே குரல்.

"மாமா, என் ஒடம்பப் பத்திக் கேக்கணும்னா வலிக்குதா, பசிக்குதான்னு கேளுங்க. மத்ததுக்கெல்லாம் உங்கள யாரும் அபிப்பிராயம் கேக்கல."

"வெளையாட்டுக்குச் சொன்னேன்டி."

"வெளையாட்டு எனக்குத் தெரியும் மாமா. அதுலதான் சம்பளம் வாங்குறேன்."

மச்சான்கள் இப்போது வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். நீங்கள் பந்திக்குப் போய் உட்கார்ந்தீர்கள். பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினீர்கள். வீம்புக்காக இல்லை. பாயசம் நன்றாக இருந்தது.

நான் எதிர் வரிசையில். கருப்பு, ஒல்லி, தெத்துப்பல். ஹாஸ்டலில் குரூப் போட்டோ என்றால் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறவள். சிதம்பரத்தில் யுனிவர்சிட்டி நூலகத்தில் உட்கார்ந்து உடம்பைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். எந்தப் புத்தகமும் மறுபடி பாயசம் கேட்டதில்லை.

உங்களுக்கு வலித்ததே இல்லையா, அண்ணி? அன்று கடலூர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தீர்கள். கெடிலம் ஆற்றில் தண்ணீர்கூட இல்லை. அவ்வளவு நேரம் எதைப் பார்த்தீர்கள்?

பதினாறாம் நாள் படத்திறப்பு. சிதம்பரத்தில் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றில் அண்ணன் சொல்லிவைத்திருந்தான். அதற்கு முந்தின நாள் காலை நான் ஹாஸ்டலிலிருந்து நேராகப் போனேன். அவன் கடலூரிலிருந்து வந்து காத்திருந்தான். ஸ்டுடியோக்காரர் பேப்பரைப் பிரித்தார்.

யாரோ ஒரு பெண். சிவப்பாக. கழுத்து மெலிந்து. திருவந்திபுரத்துப் பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். ஜாக்கெட்டின் கை முழங்கை வரை வளர்ந்திருந்தது.

"யாருங்க இது?"

"என்னம்மா இப்டிக் கேக்குறீங்க? சார்தான் கலர் ஏத்தச் சொன்னாரு. தாடையும் லேசா கொறச்சிருக்கோம். எல்லாருக்கும் செய்யறதுதான். சாமியானவங்க பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "ஊரே வந்து பாக்கும் சுதா. அவ நல்லா இருக்கணும்ல."

"அண்ணி எப்ப நல்லா இல்ல?"

"நான் சொன்னதுல ஒண்ணாச்சும் கேட்டாளா அவ? இதுவாவது…"

"அவுங்க பதில் சொல்ல முடியாதப்பவா?"

பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவரின் சீப்பு பாதியில் நின்றது.

அண்ணன் தலையை நிமிர்த்தினான். படத்தைக் கையில் வாங்கினான். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தழும்பு எங்கண்ணே?" ஸ்டுடியோக்காரரிடம்.

"எது சார்?"

"தாடைக்குக் கீழ. தையல் போட்டது."

"தாடையக் கொறச்சா அதுவும் சேந்து போயிடும் சார்."

"அத எடுக்கச் சொல்லலியே நான்."

கல்யாணமான புதிதில் நீங்கள் புவனகிரியில் த்ரோபால் ஆடி விழுந்த தழும்பு. ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன், ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். தையல் போட்ட தாடையோடு நீங்கள்தான் அவனுக்கு சோடா வாங்கிக் கொடுத்தீர்கள். அந்தக் கதைக்கு உங்களைவிட அவன்தான் அதிகம் சிரிப்பான்.

"திருப்பி வைங்க" என்றான். "எல்லாத்தையும். இருந்த மாதிரியே."

"கழுத்தும் பழையபடி ஆயிடும் சார்."

"ஆகட்டும்."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். என் போனில் இருந்த உங்கள் படத்தை நீட்டினேன். மேட்ச் ஜெயித்த சாயங்காலம். கழுத்தில் விசில். வேர்வை. சுருட்டிவிட்ட கை. இரண்டு மடிப்பாகத் தாடை, கீழ் மடிப்பில் அந்தத் தழும்பு. கண் எங்கே என்று தேட வேண்டும். அண்ணன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லாமலே அவனுக்குக் கண்ணீர் வந்தது. பிறகு போனை ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தான். "இதையே போடுங்கண்ணே."

மறுநாள் உங்கள் த்ரோபால் பிள்ளைகள் யூனிபார்மில் வந்து சுவரோரம் நின்றார்கள். துணியை விலக்கியதும் ஒருத்தி கைதட்டிவிட்டாள். பயந்துபோய் நிறுத்தினாள். துக்க வீட்டில் கைதட்டல். யாரும் திட்டவில்லை.

பெரியம்மா மட்டும் முன்னால் வந்தார். "வேற படமே இல்லியாப்பா? லட்சணமா ஒண்ணு போட்டிருக்கலாம்."

அண்ணன் மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "என் பொண்டாட்டி இவதான் பெரியம்மா."

அவ்வளவுதான். காற்றில் மாலை அசைந்தது. பெரியம்மா காபி கேட்டார்.

இதை நீங்கள் இருக்கும்போது, அந்தப் படியில் நின்று அவன் சொல்லியிருக்கக் கூடாதா? கேட்க நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்கள் என்றும் தெரியும்.

ஒன்று மட்டும் உறுதி, அண்ணி. அடுத்த வருஷம் நினைவஞ்சலி போஸ்டர் அடிப்பார்கள். அதற்கடுத்த வருஷமும். டிசைன் செய்கிறவர் பழக்கத்தில் மவுஸை உங்கள் கன்னத்துக்குக் கொண்டுபோவார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். சிவப்பாக்க விடமாட்டேன். இளைக்க விடமாட்டேன். போஸ்டரில் இடம் போதவில்லை என்றால், கீழே எங்கள் பெயர்களைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் நாத்தனார்,
சுதா
கடலூர்