ஜான்சன் வீட்டுச் சருகு

செவிலிமேடு
2-4-2025

மணியம்மாளுக்கு, கோதண்டபாணி எழுதிக்கிறது.

போன்ல நீ பேசறது என் காதுல ஏறவே மாட்டேங்குது. அதான் எழுதி, போட்டோ புடிச்சு அனுப்பறேன். பேத்தி குப்புற விழறாளா? பொன்னி உன்னை இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றாளாமே. மே 24 டிக்கெட் என்ன ஆச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லல. மல்லிச்செடி கோவம் இன்னும் போகலியா? சருகு சேருது, பாம்பு வந்து அண்டும்னுதானே நீ தாமலுக்குக் கல்யாணம்னு போன ரெண்டு நாள்ல அதை வெட்டிட்டு, கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டேன். இப்ப எவ்ளோ சுத்தமா இருக்குது தெரியுமா.

அது கிடக்கட்டும். பொன்னி ஊர்ல அஞ்சு மாசம் பனிக்கு அடியில கிடந்தா செடி செத்துப் போவாதா? பாத்து எழுது.

கோதண்டபாணி


வின்னிபெக்
10-4-2025

பொன்னி அப்பாவுக்கு,

பேத்தி குப்புற விழுந்துட்டா. டிக்கெட்டை அப்புறம் பாக்கலாம். பதினோரு வருஷ மல்லி அது. சுத்தம்னு எங்கிட்ட சொல்லாதீங்க.

செடி சாவறதில்ல, தூங்குது. பனி உருகி ரெண்டு நாள் வெயில் அடிச்சுது. ஐப்பசியிலருந்து கிடக்கற சருகை இந்தத் தெருவுல ஒருத்தரும் தொடல. எனக்குக் கை ஊறிச்சு. காலைல எழுந்து கூட்டிட்டேன். இங்க வீட்டுக்கு வீடு மதில் கிடையாது. நம்ம எடம் எதுன்னு தெரியாம, பக்கத்து வீட்டு ஜான்சன் பெரியவர் ரோஜா அடியில குவிச்சிருந்ததையும் வழிச்சு எடுத்துட்டேன். பொன்னி தலைல அடிச்சுக்கினா. அந்தச் சருகுதான் வேருக்குப் போர்வையாம். அதுக்குள்ள தேனீகூட தூங்குதாம். மே மாசம் ஒரு சனிக்கிழமை தெருவே சேர்ந்துதான் கூட்டுவாங்களாம்.

நேத்து மறுபடி பனி கொட்டிடுச்சு. அந்த ரோஜா முப்பது வருஷச் செடி. பொழைக்குமா தெரியல.

மணியம்மாள்


செவிலிமேடு
13-4-2025

மணியம்மாளுக்கு,

தேனீ சருகுல தூங்குமா? கூடு கட்டாதா? எதிர்வீட்டு எல்லம்மாகிட்ட சொன்னேன், நம்பல. பெரியவர் என்ன சொன்னாரு? நாலு பேர் எதிர்ல திட்டிட்டாரா? ரோஜா துளிர்த்துச்சான்னு எழுது. டிக்கெட் சமாச்சாரமும் எழுது. நாளைக்கு வருஷப் பொறப்பு. எல்லம்மா பச்சடி தரேன்னு சொல்லியிருக்கா.

கோதண்டபாணி


வின்னிபெக்
11-5-2025

பொன்னி அப்பாவுக்கு,

நேத்துதான் அந்த சனிக்கிழமை. தெருவே வெளிய வந்து காகிதப் பையில சருகு ரொப்பிச்சு. நானும் போனேன். ரோஜா பாதி கருகிடுச்சு. மீதியில செவப்பா மூணு துளிர். ஜான்சனே கூப்பிட்டுக் காட்டினாரு.

திட்டினாரான்னு கேட்டீங்க. மறுபடி பனி கொட்டின அன்னிக்கு அவரு திட்டல. பனியில மண்டி போட்டு, நான் வாரினதைக் கையால அள்ளி வேர்ல போட்டாரு. நானும் உக்காந்து போட்டேன். ரெண்டு திட்டு திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. நான் உங்கள எல்லம்மா எதிர்ல, கொத்தனார் எதிர்ல, "நீயெல்லாம் ஒரு மனுஷனா"ன்னு கேட்டேன். நீங்களும் சுத்தம்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஆனா அந்த சிமெண்ட்டைத் திரும்பி வந்து பாக்க எனக்கு மனசு வரல. டிக்கெட்டை மாத்திடறேன்னு பொன்னி நிக்கறா.

மணியம்மாள்


செவிலிமேடு
14-5-2025

மணி,

நேத்து கடப்பாரை எடுத்து சிமெண்ட்டை மூணு அடி உடைச்சேன். கையெல்லாம் கொப்புளம். வேர் இருக்குதான்னு தோண்டிப் பாத்தேன். மக்கிப் போச்சு.

எல்லம்மாவுக்கு நீ பதியன் போட்டுக் குடுத்த மல்லி அவ பந்தல் முழுக்க பூத்துக்கினு இருக்குது. வெக்கத்த விட்டு ஒரு கன்னு கேட்டேன். "அக்கா கையிலதான் குடுப்பேன், உன்னை நம்பித் தர மாட்டேன்"னு சொல்லிட்டு உள்ள போய்ட்டா. நியாயந்தான்.

பாம்புன்னு சொன்னேனே, நான் பாம்பு எதையும் பாக்கல. வெட்டும்போது செடியில நாலஞ்சு மொக்கு இருந்துச்சு. பாத்துக்கினேதான் வெட்டினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

குழி அப்படியே இருக்குது.

கோதண்டபாணி


வின்னிபெக்
15-5-2025

பொன்னி அப்பாவுக்கு,

டிக்கெட்டை மாத்தல. 24ஆம் தேதி கிளம்பறேன். குழியை மூடிடாதீங்க, நல்லா வெயில் படட்டும். எருவு ஒரு மூட்டை சொல்லி வைங்க. எல்லம்மா வீட்டு வேப்பஞ்சருகு நம்ம வாசல்ல விழுந்தா கூட்டித் தள்ளிடாதீங்க. குழிக்கு வேணும்.

மணி