படிச்ச சக்களத்தி

ஜூன் 2, திங்கள்

பசைக்கையா,

இன்றைக்கு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது. பதினெட்டு வருடம் இதிலேயே உட்கார்ந்தவனுக்கு ஓர் அட்டையை மடித்து அடியில் சொருகத் தெரியவில்லையே. அறை முழுக்க அட்டைதான்!

எல்லார் முன்னாலும் உன்னை 'நீங்க', 'வாங்க' என்றே பேசிப் பழகினேன். இந்த நோட்டில் நாலு பேர் இல்லை. அதனால் இங்கே நீதான், கையில் பசை காயாமலே வீட்டுக்கு வரும் பசைக்கையன்தான்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம். ஆபீஸ் பைண்டிங் அறையில் உன் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு மெஷின். துளை போட்டுச் சுருள் கம்பி மாட்டுகிற ஸ்பைரல் மெஷின், பிளாஸ்டிக் உறையில் தாளை வைத்துச் சூடாக்கி ஒட்டுகிற லேமினேஷன் மெஷின், கட்டுத் தாளை ஒரே அமுக்கில் வெட்டுகிற கட்டர், வேண்டாத தாளைத் தின்கிற ஷ்ரெட்டர். டைப்பிஸ்ட் படபட அக்காதான் அரை நாள் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பேர் நீ வைத்ததாமே? பொருத்தம்தான். பேச்சும் டைப் அடிக்கிற மாதிரியே வருகிறது, நடுவில் மூச்சு கிடையாது.

சாயங்காலம் டீ வந்தது. சர்க்கரை இல்லை. டீக்காரரிடம் கேட்டேன்.

"நீங்கதான் சர்க்கரையே தொடமாட்டீங்களாமே. உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காரு."

நானா? மூணு கரண்டி போட்டும் பத்தலைன்னு டப்பாவைத் தேடுறவ நானா?

ஜூன் 3, செவ்வாய்

லேமினேஷன் உறையில் ஒட்டிய பக்கம்தான் முதலில் உள்ளே போக வேண்டுமாம். நான் வாய் திறந்த பக்கத்தை விட்டேன். 'அமைதி காக்கவும்' என்ற அறிவிப்பு உருளையைச் சுற்றிக்கொண்டு, காற்றில் மாட்டிய குடை மாதிரி வெளியே வந்தது. மெஷின் போட்ட சத்தத்தில் மூன்று அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூன் 5, வியாழன்

கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையின் நாடாவை ஷ்ரெட்டர் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க நான் குனிகிறேன். கடைசியில் மெஷினோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றேன். படபட அக்கா ஓடிவந்து பின்பக்கமாகச் சுற்றுகிற பட்டனை அமுக்கினார். "முதல் வாரமே கும்பிடு போட்டா அது தலைக்கு மேல ஏறிக்கும்" என்றார்.

ஜூன் 6, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். போனதும் எழுந்து நின்றார். எனக்காக யாரும் எழுந்ததில்லை, பஸ்ஸில்கூட.

"உக்காருங்கம்மா. உங்களைப் பத்தி அவர் பேசாத நாளே கிடையாது. ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாக்கூட உங்களுக்குத் தலைவலி வந்துருமாமே? என் அறிக்கையில நீங்க கண்டுபிடிச்ச தப்பை மட்டும் சேத்தா ஒரு மூட்டை தேறும். 'வீட்டுல காமிச்சேன் சார், அவ சொன்னா'ம்பார்."

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று.

மூக்குக் கண்ணாடியாம். கையில் எப்போதும் சிவப்புப் பென்சிலாம். சர்க்கரை போடாத டீயாம். யார் இந்த மகராசி?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தமிழ் எழுதிவிடுவேன், எழுத்துக் கூட்டி வாசித்தும் விடுவேன். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. முகம் தெரியும், எது எதுவென்று சொல்லத் தெரியாது.

"அது நான் இல்லைங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நீ பொய்யன் ஆகிவிடுவாய். செத்தவனால் வந்து சமாளிக்கவும் முடியாது. வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன், படித்தவர்கள் ஆட்டுகிற மாதிரி, மெதுவாக.

"ஆண்டறிக்கை வருது. நீங்க பாத்துட்டுத்தான் பைண்டிங் போகணும்" என்றார்.

ஆக, எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள். படிச்ச சக்களத்தி. இருபத்து நாலு வருடக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாமல் ஓர் ஆபீஸ் பூராவும் அவளோடு ஊர்வலம் போயிருக்கிறாய்.

என்னைச் சொல்லிக்க வெக்கமா இருந்துச்சா உனக்கு? நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நான் என்ன கடிச்சா வச்சிருப்பேன்?

கடித்துத்தான் வைத்திருப்பேன். இருந்தாலும்.

ஜூன் 8, ஞாயிறு

உன் தங்கை வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கண்ணனா பொய் சொல்லுச்சு? வாயக் கழுவுங்க அண்ணி."

ஒரு டம்ளர் டீ உள்ளே போனதும் நியாயம் மாறியது. "சொன்னாலும் சொல்லியிருக்கும். ஸ்கூல் படிக்கிறப்ப எங்க வீட்டுல யானை இருக்குன்னு சொல்லி வச்சுது. பாக்கணும்னு பத்துப் பேரு வாசல்ல வந்து நின்னுட்டாங்க. யானை குளிக்கப் போயிருக்குன்னு சொல்லி அனுப்புச்சு."

யானை இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கிறேன்.

"நான் படிக்காதவன்னு உங்கண்ணனுக்கு வெக்கமா?"

"வெக்கமா இருந்தா உங்களைக் கட்டியிருக்குமா? பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியும்ல."

"அப்ப எதுக்கு இன்னொருத்தி?"

"ஒரு வீட்டுல ரெண்டு குடை இருக்கிறதில்லையா அண்ணி? மழைக்கு ஒண்ணு, நாலு பேரு பாக்க ஒண்ணு."

இவள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவள்.

ஜூன் 12, வியாழன்

மேனேஜர் ஓர் இங்கிலீஷ் கடிதத்தை நீட்டினார். "இந்த ரெண்டு வரி சரியா இருக்காம்மா?"

நான் எழுத்துகளைப் பார்த்தேன். அவையும் என்னைப் பார்த்தன. காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"கண்ணாடி வீட்டுல இருக்குங்க சார்."

என்னிடம் ஏது கண்ணாடி? அது அவளுடையது. முதல் தடவையாக அவளுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கும் சர்க்கரை இல்லாத டீ. நன்றியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

படபட அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"கோவிச்சுக்கக் கூடாது பதினோராம் பக்கத்துல மேனேஜர் புதிய பாலம்னு எழுதறதுக்குப் பதிலா புதிய பள்ளம்னு எழுதியிருக்கார் புதிய பள்ளத்தைத் தலைமைப் பொறியாளர் திறந்து வைத்தார்னு போகுது நான் சொன்னா பிராணனை வாங்கிருவார் நீங்க கண்டுபிடிச்சதா சொல்லிருங்க."

"நான் எதுக்குக்கா?"

"உங்க வீட்டுக்காரர் அப்படித்தானே செய்வார்! தப்பைப் பாக்கறது நாங்க, பேரு உங்களுக்கு. ஒருதடவை நான் நேரா சொல்லப்போய் மூணு நாள் மேனேஜர் முகங்குடுத்துப் பேசலை. நான் அழுதுட்டிருந்தேன். அப்பத்தான் இவர், 'அக்கா, இனிமே எதுன்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, என் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லிடறேன். அடுத்தவன் பொண்டாட்டியை எந்த மேனேஜர் திட்டுவான்?'னார். பதினோரு வருஷம் ஓடிப்போச்சு."

அக்கா அதோடு நிற்கவில்லை. "நீங்க அஞ்சாவதுதான்னு எனக்குத் தெரியும். வேலை கேட்டு நீங்க குடுத்த மனுவை டைப் அடிச்சது யாருன்னு நினைச்சீங்க?"

ஆக, என்னைக் கேடயமாகப் பிடித்திருக்கிறாய். நெஞ்சிலிருந்த கல் பாதி இறங்கியது. பாதிதான். அடியைத் தாங்க ஒரு பேர் போதுமே. அந்தப் பேருக்குக் கண்ணாடி எதுக்கு? சிவப்புப் பென்சில் எதுக்கு? அவளை உட்கார்ந்து உட்கார்ந்து ஜோடிச்சிருக்கியே, எதுக்கு?

போய்ப் பள்ளத்தைச் சொன்னேன். மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! அவர் சொன்னது பொய்யில்லை!"

உன் மானம் ஒரு நாளைக்குத் தப்பித்தது.

ஜூன் 25, புதன்

இப்போது என் அறைக்கு வரிசை கட்டி வருகிறார்கள். ஸ்டோர் கிளார்க், கணக்குப் பிரிவுக்காரர், எல்லாரும் கதவைச் சாத்திவிட்டுக் காதில் ஓதுகிறார்கள். நான் பக்க எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பிக்கிறேன். போன வாரம் ஒன்பது தப்பு 'கண்டுபிடித்தேன்'. எனக்கே என்மேல் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

இன்றைக்கு டிரைவர் வந்தார். "அம்மா, கார்ல உக்காந்து பல்லு குத்தறது தப்புன்னு எங்கயாவது படிச்சதா மேனேஜர்கிட்ட சொல்ல முடியுங்களா?"

அது என் பிரிவில் வராது என்று அனுப்பினேன்.

ஜூலை 1, செவ்வாய்

மதியம் அக்காவோடு சாப்பிட்டேன்.

"வேலை இல்லாதப்பவும் அவங்களைப் பத்தித்தான் பேசுவார்" என்றார் அக்கா. எனக்காக 'உங்களை' என்பதை 'அவங்களை' என்று மாற்றிக்கொண்டுவிட்டார். நல்ல மனசு. "தூக்கத்துல சிரிப்பாங்களாம் என்ன கனவுன்னு எழுப்பிக் கேட்டா மறந்துட்டேம்பாங்களாம் அதைச் சொல்லிச் சொல்லி இவர் சிரிப்பார்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

அது நான். தூக்கத்துல சிரிக்கிறவ நான்தானே! நீதானே காலையில சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவே. அதையும் எங்கிட்டருந்து எடுத்து அவளுக்குக் குடுத்திட்டியா?

வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்துக் கொடுத்தாயா, இல்லை உனக்கே அவளும் நானும் கலந்துபோய்விட்டோமா?

ஜூலை 8, செவ்வாய்

ஆண்டறிக்கை. நாற்பது பிரதி. நாளை மறுநாள் வெளியே போக வேண்டும். அட்டைகளை லேமினேட் செய்து, ஓரம் வெட்டி, துளை போட்டு, கம்பி மாட்டி முடித்தேன். கை பழகிவிட்டது, ஒட்டிய பக்கம் தானாக முன்னால் போகிறது.

கடைசிப் பக்கம் உன்னுடையது. உன் படமும் நாலு வரியும் போட்டிருப்பதாக மேனேஜர் சொன்னார். அந்தத் தாள் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே அடுக்கினேன். நாற்பது தடவை பார்க்கத் தெம்பு இல்லை.

ஜூலை 9, புதன்

ஒருதடவையாவது பார்க்க வேண்டாமா என்று காலையில் ஒன்றைப் புரட்டினேன்.

அது நீ இல்லை.

உன் சட்டைதான், உன் மீசைதான், ஆனால் நீ இல்லை. சித்தப்பா பெரியப்பா மகன் யாரோ உன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒன்பது மாதத்தில் முகம் மறந்துபோச்சா எனக்கு? புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன், முகம் கழுவ.

கழுவிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் நீ நிற்கிறாய். புத்தகம் என் ஒரு கையில், கண்ணாடியைப் பார்த்து விரிந்தபடி இருந்தது. கண்ணாடிக்குள் நீ. அச்சு அசலாக நீ.

நேராக மேனேஜரிடம் போனேன். யாரும் காதில் ஓதவில்லை. பக்க எண்ணும் மனப்பாடம் செய்யவில்லை.

"சார், படம் வலது இடமா மாறியிருக்கு."

அவர் பார்த்தார். படபட அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் தெரியவில்லை.

"சட்டைப் பாக்கெட்டைப் பாருங்க. எந்தத் தையல்காரர் வலது பக்கம் பாக்கெட் வைப்பார்?"

அக்கா தலையில் கை வைத்தார். "முகம் எழுத்து இருக்கிற பக்கமா பாத்த மாதிரி இருக்கட்டும்னு நான்தான் படத்தைத் திருப்பிப் போட்டேன்."

"படிச்சவங்க ரெண்டு பேர் பாத்தோம்," என்றார் மேனேஜர். "எங்க கண்ணுக்குப் படலையே. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

இந்தத் தடவை என்னால் அவளுக்குப் பேர் கொடுக்க முடியவில்லை. இது நான் பார்த்தது.

"படிச்சுக் கண்டுபிடிக்கலைங்க. எனக்கு அஞ்சாங்கிளாஸ்தான். கண்ணாடியும் கிடையாது, சிவப்புப் பென்சிலும் கிடையாது. அவரைப் பாத்திருக்கேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னைப் பொய்யன் ஆக்கிவிட்டேனே.

"தெரியும்மா," என்றார். "உங்க மனு என் கையெழுத்துலதானே போச்சு."

"அப்ப ஏன் சார்…"

"நான் கோவக்காரன். இந்த ஆபீஸ்ல என் தப்பை எங்கிட்ட சொல்ல அவங்க ஒருத்தங்கதான் இருந்தாங்க. அவரோட அவங்களும் போயிட்டாங்கன்னா நான் என்ன பண்றது?" பிறகு அக்காவைப் பார்த்தார். "பள்ளத்தைக் கண்டுபிடிச்சது நீங்கதானே?"

படபட அக்கா முதல் தடவையாக நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆமா… சார்" என்றார்.

ஜூலை 10, வியாழன்

நாற்பது புத்தகத்தின் கம்பியையும் பிரித்தேன். பாதிக் கம்பி வளைந்து போயிற்று. அக்கா புதுத் தாள் அடித்துக் கொடுத்தார். பாக்கெட் இடது பக்கம், நீ நீயாக. இந்தத் தடவை நாற்பதையும் பார்த்துப் பார்த்து அடுக்கினேன். மூன்றரை மணிக்கு வண்டி ஏறிவிட்டது.

பழைய தாள் நாற்பதும் மேசையில் கிடந்தன. தப்பான தாளை ஷ்ரெட்டரில் போட வேண்டும், அதுதான் வேலை. முதல் தாளை எடுத்தேன். மெஷின் வாயருகே கொண்டு போனேன். திரும்ப எடுத்தேன். ஒரு மணி நேரம் இப்படியே. அக்கா எட்டிப் பார்த்து, "நான் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் தோன்றியது. இது நீ இல்லையே. வலது பக்கம் பாக்கெட் வைத்த இந்த ஆள் என் வீட்டுக்காரர் இல்லை. இவர் அவளுடைய வீட்டுக்காரர்.

முப்பத்தொன்பதைப் போட்டுவிட்டேன். அழவில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

ஒன்றை மட்டும் உறையில் வைத்து லேமினேட் செய்து, ஓரம் விட்டு வெட்டி, கட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அது அவளுக்கு. அவளும் உன்னைப் பறிகொடுத்தவள்தானே. அவளுக்கென்று துக்கம் கேட்க யார் வந்தார்கள்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபமாகக் கேட்கவில்லை. பதினோரு வருஷமா எங்க ரெண்டு பேர்ல நீ யாரோடய்யா குடித்தனம் பண்ணே?