நஸ்ரின் திருத்த வேண்டிய விடைகள்

அன்புள்ள ஹஸீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

வீட்டிலேயே உன்னிடம் படிக்கும் நம் மகள் நஸ்ரினுக்காக நீ திண்டிவனம் முழுக்கத் தேடியும் கிடைக்காத இங்கிலீஷ் கிராமர் பயிற்சிப் புத்தகம் ஷார்ஜாவில் கிடைத்துவிட்டது! ஆனால் வாங்கி வந்த அன்றே ரூம்காரர்கள், "குடு பாய், சும்மாதானே ஒக்காந்துக்கினு இருக்கோம்" என்று பிடுங்கி, பேனாவாலேயே பாதியை நிரப்பிவிட்டார்கள். நானும்தான். கோபப்படாதே, அதுவும் நல்லதுதான். அவளே டீச்சராகி எங்கள் தப்புகளைத் திருத்தட்டும். இதைவிடப் பயிற்சி வேறென்ன? மீதிப் பாதியை அவள் எழுதட்டும்.

புத்தகத்தோடு சிவப்புப் பேனாவும் லீவில் ஊருக்கு வரும் என் ரூம்காரர் சுக்கூர் பாயிடம் இருக்கிறது. அவர் திரும்பும்போது வறுத்த மல்லாட்டையும் (இங்கே வேர்க்கடலை என்றால்தான் புரிகிறது) திருத்திய பக்கங்களும் கொடுத்தனுப்பு. அவரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக டாக்சி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

என் மார்க்கைப் போனில் சொல்லிவிடாதே. அவள் கையெழுத்தில் வரட்டும்.

உன் ஹுதைஃபா